கணவனா, மண்வெட்டியா? ஆப்பிரிக்க மொழிகள் இணையத்தில் ஏறும் விதம்

நைஜீரியாவில் பேசப்படும் யோருபா மொழியில் ஓ, கே, ஓ என்று மூன்று ரோமன் எழுத்துகளைத் தட்டினால் கணவன் என்று பொருள் வரலாம். மண்வெட்டி என்றும் வரலாம். ஈட்டியாகவும் இருக்கலாம், படகாகவும் இருக்கலாம். படகுக்கான சொல்லையே பிற்காலத்தில் கார், லாரி என்று எல்லா வண்டிக்கும் நீட்டிக்கொண்டார்கள். ஆக, "சந்தைக்குப் போய் மண்வெட்டி வாங்கி வந்தாள்" என்ற சாதாரண வாக்கியம், குறிகள் விட்டுப்போனால், கணவனை வாங்கி வந்த கதையாகிவிடும்.

முறையாக எழுதினால் இந்தக் குழப்பமே கிடையாது. யோருபாவில் ஓகாரம் இரண்டு. ஒன்று நம் ஓ மாதிரி. மற்றது வாயை இன்னும் அகலத் திறந்து சொல்வது. அகன்றதற்கு எழுத்தின் அடியில் ஒரு புள்ளி. அதற்கு மேல், ஒவ்வொரு அசைக்கும் ஒரு சுரம் உண்டு: உச்சம், சமம், தாழ்வு. உச்சத்துக்கு மேலே வலப்பக்கம் ஏறும் கோடு, தாழ்வுக்கு இறங்கும் கோடு, சமத்துக்கு ஒன்றும் வேண்டாம். பள்ளிக்கூடங்களில் இதைத் தோ, ரே, மி என்று பாடிக் காட்டியே சொல்லித்தருகிறார்கள். சமம்-சமம் என்றால் கணவன். சமம்-உச்சம் மண்வெட்டி. சமம்-தாழ்வு படகு. தாழ்வு-தாழ்வு ஈட்டி. சொல்லின் பொருளில் பாதி சுரத்தில்தான் இருக்கிறது. அதனால்தான் யோருபா மேளக்காரர் தோளில் தொங்கும் இடைசுருங்கிய மேளத்தின் வார்களை அழுத்தித் தளர்த்தியே ஒரு முழு வாக்கியத்தைச் சொல்லிவிட முடிகிறது.

ஆனால் நைஜீரியாவில் செய்தித்தாள், வங்கிப் பாஸ்புக், கடவுச்சீட்டு, கைப்பேசிக் குறுஞ்செய்தி எதிலும் பெரும்பாலும் இந்தக் குறிகள் இருக்காது. ஆங்கிலத் தட்டச்சுப் பொறியில் அவை இல்லை. அங்கே தொடங்கிய பழக்கம் கணினிக்கும் வந்துவிட்டது. மொழி தெரிந்தவர் இடம் பார்த்துப் புரிந்துகொள்வார். அவருக்கு இது ஒரு குறையாகவே தோன்றாது. தேடுபொறிக்கு அந்த இடம் தெரியாது. எழுத்தைப் படித்து ஒலிக்கும் மென்பொருளுக்குத் தெரியாது. சிகாகோவில் பிறந்து, பாட்டி பேசும் மொழியைப் பெரியவளான பிறகு கற்க உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கும் தெரியாது.

நான்கு கோடிக்கு மேற்பட்டவர்கள் பேசும் மொழி இது. அகராதியும் இலக்கணமும் பைபிளும் 19-ஆம் நூற்றாண்டிலேயே அச்சேறியவை. அதற்கே இந்த நிலை. ஆப்பிரிக்கா முழுவதும் பேசப்படும் மொழிகள் ஏறக்குறைய 2,000, அதாவது உலக மொழிகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. அவற்றைப் பற்றி ஒன்றுமே எழுதப்படவில்லை என்று நினைத்தால் அது தப்பு. நிறைய எழுதப்பட்டிருக்கிறது. இருக்கும் இடம்தான் பிரச்சினை. பாரிஸ், லண்டன், பெல்ஜியத்தின் தெர்வூரன் என்று அலமாரிகளில், மிஷனரிகளின் கைப்பிரதிகளில், 50 படி மட்டும் உருட்டச்சில் எடுத்த ஆய்வேடுகளில் அது கிடக்கிறது. அதை வெளியே எடுத்து, யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கும்படி வைப்பதையே வேலையாகக் கொண்ட மொழியியலாளர்கள் சிலர் இருக்கிறார்கள். எந்தப் பல்கலைக்கழகத்திலும் இந்த வேலைக்குப் பெரிய மதிப்பெண் கிடைப்பதில்லை. புதுக் கோட்பாடு சொன்னால் பெயர் வரும். பழைய சொற்பட்டியலை ஒழுங்காகத் தட்டச்சு செய்து ஏற்றினால் யார் கவனிக்கப்போகிறார்கள்?

பெயரில் ஆரம்பித்தவர்

கோலா துபோசுன் 1981-இல் இபாதான் நகரத்தில் பிறந்தவர். தந்தை யோருபாக் கவிஞர், வானொலிக்காரர். மகன் இபாதான் பல்கலைக்கழகத்தில் மொழியியல் படித்தார். 2005-இல் அவர் இளங்கலைப் பட்டத்துக்குச் செய்த ஆய்வே யோருபாப் பெயர்களுக்கான ஒரு பல்லூடக அகராதி. எழுத்தோடு ஒலியும் சேர்ந்தது. பிறகு 2009-இல் ஃபுல்பிரைட் என்ற அமெரிக்க உதவித்தொகைத் திட்டத்தில் அமெரிக்கா போய், தெற்கு இல்லினாய் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட்ஸ்வில் வளாகத்தில் யோருபா சொல்லிக்கொடுத்தார். பெயர்களை விடவில்லை. 2015-இல் பொதுமக்களிடம் நிதி திரட்டி, அந்த மாணவர் ஆய்வை எவரும் திறந்து பார்க்கவும் புதுப் பெயரைச் சேர்க்கவும் கூடிய இணைய அகராதியாக வளர்த்தார்.

ஒரு மொழியை இணையத்தில் ஏற்றப் போகிறவர் ஏன் பெயர்களில் தொடங்க வேண்டும்? யோருபாவில் ஒவ்வொரு பெயரும் சுருக்கி மடித்த ஒரு வாக்கியம் என்பதால்தான். பாபாதுண்டே என்ற பெயரைப் பிரித்தால் அப்பா-திரும்ப-வந்தார். தாத்தா இறந்த பிறகு பிறக்கும் பையனுக்கு வைப்பது. பாட்டி போன பிறகு பிறக்கும் பெண் யேதுண்டே, அம்மா திரும்ப வந்தாள். நம் ஊரில் பேரனுக்குத் தாத்தா பெயரை வைத்துவிட்டு, மருமகள் மாமனார் பெயரைச் சொல்லி அதட்ட முடியாமல் தவிப்பாளே, அந்த மனசுதான். இவர்கள் பெயரை அப்படியே திரும்ப வைக்காமல், திரும்பி வந்த செய்தியைப் பெயராக்குகிறார்கள்.

சில பெயர்களைப் பெற்றோர் தேர்ந்தெடுப்பதே இல்லை. குழந்தை அவற்றை வானத்திலிருந்தே கொண்டுவருவதாகச் சொல்வார்கள். இரட்டையரில் முதலில் வெளியே வருவது தையோ, உலகத்தை முதலில் சுவைத்துப் பார்த்தவன். அடுத்து வருவது கேஹிண்டே, பின்னால் வந்தவன். ஆனால் மூத்தது கேஹிண்டேதான் என்பது வழக்கு. உலகம் எப்படி இருக்கிறது, பார்த்து வா என்று தம்பியை முன்னால் அனுப்பியவன் அண்ணன்தானே! கால் முதலில் வந்து பிறந்தால் இகே. இன்னும் சில பெயர்களின் முன்னொட்டைக் கேட்டாலே குடும்பத்தின் தொழிலும் தெய்வமும் தெரிந்துவிடும். அயான் என்று தொடங்கினால் மேளக்காரர் வீடு. ஓகுன் என்றால் இரும்புத் தெய்வத்தை வணங்கிய வீடு. அடே என்றால் மகுடம், அரச வழி. மதம் மாறிய குடும்பங்கள் பழைய தெய்வத்தின் முன்னொட்டை எடுத்துவிட்டுக் கடவுள் என்று பொருள்படும் ஓலு என்பதை வைத்துக்கொண்டதும் உண்டு. ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைப் பெயர்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் நூறு வருட வரலாறு அதில் தெரியும்.

இவ்வளவும் சுரக்குறியோடு எழுதினால்தான் கைக்கு வரும். குறி இல்லாமல் எழுதிய பெயரைப் பிரிக்க முடியாது. பிரிக்க முடியாவிட்டால் பொருள் தெரியாது. தன் பெயரின் பொருள் தனக்கே தெரியாத தலைமுறை ஒன்று வளர்ந்துவிட்டது என்பதுதான் துபோசுனின் கவலை. அதனால் அகராதியில் ஒவ்வொரு பெயருக்கும் குறியோடு கூடிய எழுத்து, எந்தெந்தச் சொல்லில் இருந்து வந்தது என்ற பிரிப்பு, பொருள், உச்சரிப்பு எல்லாம் தேவைப்பட்டன.

உச்சரிப்பில்தான் சிக்கல். ஆயிரக்கணக்கான பெயர்களை ஒருவர் உட்கார்ந்து பேசிப் பதிவுசெய்யலாம். நாளைக்கு யாராவது 10 புதுப் பெயர் சேர்த்தால் அவரை மறுபடி கூப்பிட வேண்டும். இங்கே மொழியின் அமைப்பு கைகொடுத்தது. யோருபாவின் அசைகள் மிக எளிமையானவை. ஒரு மெய், ஒரு உயிர், அவ்வளவுதான். அல்லது தனி உயிர், இல்லையென்றால் தனியாக நிற்கும் ஒரு மூக்கொலி. மெய்ம்மயக்கம் கிடையாது, அசை மெய்யில் முடிவதும் கிடையாது. ஆகவே மொத்த அசைகளும் எண்ணி முடிக்கக்கூடியவை. ஒவ்வொன்றையும் மூன்று சுரத்தில் பதிவுசெய்து வைத்துக்கொண்டால், எந்தப் பெயர் வந்தாலும் அசைகளைக் கோத்து இயந்திரமே சொல்லிவிடும். கேட்கக் கொஞ்சம் தட்டையாக இருக்கும். சுரம் மட்டும் தப்பாது. இந்த மொழியில் அதுதான் முக்கியம்.

அடுத்த தடை விசைப்பலகை. குறியோடு எழுதுங்கள் என்று சொல்லிவிட்டுக் குறியைத் தட்ட வழி இல்லாமல் விட முடியுமா? விண்டோஸ், மேக் இரண்டுக்கும் யோருபா, இக்போ மொழிகளுக்கான இலவச விசைப்பலகையும் துபோசுனின் குழுவிடமிருந்து வந்தது. பிறகு கூகுளில் வேலை. 2019-இல் கூகுள் தன் சேவைகளில் நைஜீரிய உச்சரிப்பில் பேசும் ஆங்கிலக் குரலைக் கொண்டுவந்தபோது, அதன் பின்னணியில் உழைத்தவர்களில் துபோசுனும் உண்டு. லாகோஸ் தெருக்களின் பெயர்களை அமெரிக்கக் குரல் கடித்துத் துப்புவதைக் கேட்டுக்கொண்டே கார் ஓட்டியவர்களுக்கு அது சின்ன விஷயமாக இருந்திருக்காது.

ஒரே எழுத்து, நான்கு உருவம்

இந்தப் பகுதி கொஞ்சம் தொழில்நுட்பம். ஆனால் விஷயத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

அடியில் புள்ளி வைத்த ஓ என்ற எழுத்துக்கு யூனிகோடில், அதாவது உலக எழுத்துகளுக்கெல்லாம் கணினியில் எண் கொடுக்கும் பொதுப் பட்டியலில், தனி இடம் உண்டு. வியட்நாமியத்துக்கும் அதே எழுத்து வேண்டும் என்பதால் அங்கே இருக்கிறது. புள்ளி வைத்த எஸ்ஸும் இருக்கிறது; சம்ஸ்கிருதத்தை ரோமன் எழுத்தில் எழுதும்போது ஷகரத்துக்குப் போடுகிறோமே, அதே எழுத்துதான். இப்படிப் பக்கத்து வீட்டுப் பாத்திரங்களை வைத்துச் சமைப்பது போலத்தான் பல ஆப்பிரிக்க மொழிகளின் கணினி வாழ்க்கை நடக்கிறது. ஆனால் அடியில் புள்ளியும் மேலே உச்சக் கோடும் சேர்ந்த ஓ? அதற்குத் தனி இடம் இல்லை. புதிதாகக் கொடுக்கவும் மாட்டார்கள். துண்டுகளைச் சேர்த்து எழுத முடிகிற எழுத்துக்கு இனிமேல் தனிக் குறியீடு கிடையாது என்பது யூனிகோடின் நிலையான கொள்கை.

எனவே துண்டுகளைச் சேர்க்க வேண்டும். புள்ளி ஓவை எடுத்து மேலே கோடு போடலாம். கோடு போட்ட ஓவை எடுத்து அடியில் புள்ளி வைக்கலாம். வெறும் ஓவில் தொடங்கி இரண்டையும் தனித்தனியாக ஒட்டலாம். சிலர் அடியில் புள்ளிக்குப் பதில் சின்ன நிமிர்கோடு வைப்பார்கள், பழைய அச்சுப் புத்தகங்களில் அப்படியும் உண்டு. திரையில் நான்கும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும். கணினிக்குள் நான்கும் வேறு வேறு எண் வரிசைகள். முதல் மூன்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர விதிமுறை இருக்கிறது, அதை மென்பொருள் எழுதுபவர் நினைவாகச் செயல்படுத்த வேண்டும். நான்காவதற்கு அந்த விதியும் உதவாது. ஒருவர் ஒரு விதமாக ஏற்றி வைத்த சொல்லை இன்னொருவர் வேறு விதமாகத் தட்டித் தேடினால் "முடிவுகள் இல்லை" என்று வரும். சொல் அங்கேயே இருக்கும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இது புதிதல்ல. 'கொ'வை ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாகத் தட்டியும் எழுதலாம், ஒரே குறியீடாகவும் எழுதலாம், கண்ணுக்கு ஒன்றுதான். 1990-களின் எழுத்துரு யுத்தத்தைப் பார்த்தவர்கள், ஒருவர் அனுப்பிய கோப்பு இன்னொருவர் கணினியில் கட்டம் கட்டமாகத் திறந்ததை மறந்திருக்க மாட்டார்கள். நமக்கு அதிலிருந்து கைதூக்கிவிட ஆட்களும் அரசுகளும் இருந்தன. 500-க்கு மேற்பட்ட மொழிகள் உள்ள நைஜீரியாவில், சில ஆயிரம் பேர் பேசும் மொழிக்கு யார் எழுத்துரு செய்வார்கள்?

சொந்த எழுத்து வைத்திருப்பவர்களுக்குப் பாதை இன்னும் நீளம். கினியின் ஜெரெகோரே நகரில் பாரி குடும்பத்துச் சகோதரர்கள் இருவர் 1989-இல், சிறுவர்களாக இருந்தபோதே, தங்கள் ஃபுலா மொழிக்கு அட்லம் என்ற புதிய எழுத்தை உருவாக்கினார்கள். அது யூனிகோடில் ஏறியது 2016-இல். இடையில் 27 ஆண்டு. அந்த எழுத்தில் எழுதிய புத்தகங்கள் அதுவரை கையால் படியெடுக்கப்பட்டே ஊர் ஊராகப் போயின.

அலமாரியில் இருப்பவை

2019-20-இல் துபோசுன் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில், செவெனிங் என்ற பிரிட்டிஷ் அரசு உதவித்தொகை பெற்ற ஆய்வாளராக இருந்தார். அங்கே இருக்கும் ஆப்பிரிக்க மொழி அச்சு நூல்களை, குறிப்பாக நைஜீரிய மொழிகளின் ஆரம்பகால அச்சுகளைப் பார்த்து, என்ன இருக்கிறது என்று வெளியுலகுக்குச் சொல்வது வேலை. இபாதானில் பிறந்த ஒருவர் தன் மொழியின் பழைய புத்தகத்தைப் பார்க்க லண்டனுக்கு விசா எடுக்க வேண்டியிருக்கிறது என்பதைக் கோபமில்லாமல் எழுதக் கொஞ்சம் சிரமமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்தப் புத்தகங்கள் அங்கே கெடாமல் இருக்கின்றன என்பதும் உண்மை.

அந்த வரலாற்றின் தொடக்கம் விசித்திரமானது. 1821-இல் ஓஷோகுன் என்ற யோருபா ஊரைத் தாக்கிய கூட்டம் ஒரு சிறுவனைப் பிடித்துக்கொண்டு போனது. கை மாறிக் கை மாறி விற்கப்பட்டு, கடைசியில் போர்த்துகீசிய அடிமைக் கப்பலில் ஏற்றப்பட்டான். 1822-இல் பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்று அந்தக் கப்பலை மடக்கி, அதில் இருந்தவர்களை சியரா லியோனின் ஃப்ரீடவுனில் இறக்கிவிட்டது. சிறுவன் அங்கே படித்தான். 1825-இல் ஞானஸ்நானம் பெற்றபோது லண்டன் பாதிரி ஒருவரின் பெயரைத் தாங்கி சாமுவேல் க்ரௌதர் ஆனான். 1843-இல் யோருபா மொழிக்கு அச்சில் ஒரு சொற்களஞ்சியம் வந்தது, அவர் எழுதியது. 1864-இல் ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் ஆப்பிரிக்க ஆயர். அவர் முன்னின்று நடத்திய பைபிள் மொழிபெயர்ப்பு 1884-இல் முழுமையடைந்தது. இடையில் 1859-இல் அபெயோகுட்டாவில் யோருபாச் செய்தித்தாள் ஒன்றும் தொடங்கிவிட்டது. 1875-இல் லாகோஸில் கூடி எழுத்துமுறையைப் பற்றி இரண்டு நாள் விவாதித்தார்கள். எழுத்தின் அடியில் வைக்கிற புள்ளிக்கு அவ்வளவு நீண்ட பஞ்சாயத்து நடந்திருக்கிறது.

ஃப்ரீடவுனில் க்ரௌதர் மாதிரி பல்லாயிரம் பேர் இறக்கிவிடப்பட்டிருந்தார்கள். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் எல்லா மூலையிலிருந்தும் வந்தவர்கள். ஸிகிஸ்முண்ட் கெல்லே என்ற ஜெர்மன் மிஷனரி அங்கே ஆசிரியராக இருந்தபோது, கண்டம் முழுவதும் நடக்காமலேயே கண்டத்தின் மொழிகளைக் கேட்கலாம் என்று கண்டுகொண்டார். ஒவ்வொருவரையும் உட்காரவைத்து ஒரே சொற்பட்டியலைக் கேட்டு எழுதினார். 1854-இல் வெளிவந்த அவருடைய நூலில் ஏறக்குறைய 300 சொற்களும் தொடர்களும், 100-க்கு மேற்பட்ட மொழிகளில், பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிட்டுப் பார்க்கும்படி இருக்கின்றன. முன்னுரையில் அவர் செய்த ஒரு காரியம் இன்னும் பெரியது. சொல் சொன்னவர் ஒவ்வொருவரின் பெயர், ஊர், எப்படிப் பிடிபட்டார், ஃப்ரீடவுனுக்கு வந்து எத்தனை வருடம் ஆயிற்று என்று குறித்து வைத்தார். போரில் பிடிபட்டவர், கடனுக்கு விற்கப்பட்டவர், சொந்த உறவினரே விற்றவர் என்று வரும் அந்தக் குறிப்புகளை வைத்து வரலாற்றாசிரியர்கள் பிற்காலத்தில் அடிமை வணிகத்தையே ஆராய்ந்தார்கள்.

இப்படிப்பட்ட பழைய நூல் ஒன்றை இணையத்தில் ஏற்றுவதற்கு இரண்டு வழி. பக்கங்களைப் படமெடுத்து வைத்துவிடலாம். பார்க்கலாம், தேட முடியாது. சொற்களைத் தட்டச்சு செய்து தரவுத்தளமாக்கலாம். தேடலாம், ஆனால் தட்டச்சு செய்தவர் எங்கே தவறினார் என்று தெரியாது. பிரான்சின் தேசிய ஆய்வு அமைப்பைச் சேர்ந்த கியோம் செகெரெர், மென்பொருள் பக்கத்தைப் பார்த்துக்கொண்ட செபாஸ்தியான் ஃப்ளாவியேவுடன் சேர்ந்து உருவாக்கிய ரெஃப்லெக்ஸ் என்ற சொற்களஞ்சியம் இரண்டையும் ஒன்றாக இணைத்தது. ஆப்பிரிக்க மொழிகளின் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பதிவுகள் அதில் இருக்கின்றன. ஒரு சொல்லைத் தேடினால், அது எந்த மூலநூலில் இருந்து எடுக்கப்பட்டதோ அந்தப் பக்கத்தின் படம் வரைக்கும் போகலாம். மூலத்தில் மிஷனரி என்ன எழுதினார், அதை இவர்கள் எப்படிப் படித்தார்கள் என்று நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.

இது சின்ன ஏற்பாடாகத் தெரியலாம். என் பார்வையில் இந்தத் துறையில் நடந்த மிக நேர்மையான காரியங்களில் ஒன்று. பழைய பட்டியல்களில் பிழை மலிந்திருக்கும். கேட்டவரின் காது ஜெர்மன் அல்லது பிரெஞ்சுக் காது, சுரம் விழுந்திருக்காது. "உன் மூக்கு" என்று சொன்னவரின் பதிலை "மூக்கு" என்று எழுதியிருப்பார். இவற்றைத் திருத்தி மெருகேற்றிக் கொடுத்தால் படிக்க வசதி, ஆனால் திருத்தியவரின் ஊகமே உண்மை ஆகிவிடும்.

தேடுவதற்கு முன்னால் மொழியின் பெயர் தெரிய வேண்டும், அதுவும் லேசுப்பட்டதல்ல. செனெகலில் இருந்து சூடான் வரை பேசப்படும் ஃபுலாவை எடுத்துக்கொள்ளுங்கள். செனெகல்காரர் புலார் என்பார். நைஜீரியா, கேமரூனில் ஃபுல்ஃபுல்டே. பிரெஞ்சு நூல்களில் பெல். ஆங்கில நூல்களில் ஃபுலானி. அது ஹவுஸாக்காரர்கள் வைத்த பெயர். ஒரு நூலகப் பட்டியலில் ஃபுலானி என்று தேடுகிறவருக்கு, பெல் என்று பதிவான நல்ல அகராதி ஒன்று கிடைக்காமலே போகலாம்.

இதற்குத்தான் குறியீட்டு எண்கள். ஆப்பிரிக்காவின் தெற்குப் பாதியில் பரவியிருக்கும் பாண்டு குடும்பத்து மொழிகளுக்கு இந்த வேலையை முதலில் செய்தவர் லண்டனின் மால்கம் கத்ரி. 1948-இல் அவர் பாண்டுப் பகுதியை எழுத்துப் பெயரிட்ட வட்டாரங்களாகப் பிரித்தார். வடமேற்கில் கேமரூன் பக்கம் ஏ, தென்கோடியில் எஸ். ஸ்வாஹிலி ஜி42, ஜூலு எஸ்42. நம் அஞ்சல் பின்கோடு போல என்று வைத்துக்கொள்ளலாம். வீடு எங்கே என்று பின்கோடு சொல்லும், யார் யாருக்குச் சொந்தம் என்று சொல்லாது. கத்ரி எண்களும் அப்படித்தான்; அவற்றை வைத்துக் குடிவழி மரம் வரைந்தால் தப்பாகும். ஆனாலும் முகவரியாக அவை நிலைத்துவிட்டன. காலப்போக்கில் கத்ரிக்குத் தெரியாத மொழிகள் பல வந்து சேர, ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் இருந்த யௌனி மாஹோ 2009-இல் திருத்திப் பெருக்கிய பட்டியலை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் வைத்தார். ஆப்பிரிக்க மொழியியல் முழுமைக்கும் பல்லாயிரம் தலைப்புகள் கொண்ட ஒரு நூற்பட்டியலும் அவருடையது. யாரும் கேட்டுச் செய்ததாகத் தெரியாத, ஆனால் அது இல்லாமல் யாருமே வேலை பார்க்க முடியாத வகையான காரியம்.

உலக மொழிகள் அனைத்துக்கும் இதே சேவையைச் செய்யும் க்ளோட்டோலாக், ஹரால்டு ஹம்மர்ஸ்ட்ரோமும் தோழர்களும் வளர்த்தெடுத்தது. ஒவ்வொரு மொழிக்கும் நான்கு எழுத்தும் நான்கு எண்ணும் சேர்ந்த அடையாளம். அதோடு, அந்த மொழிக்கு இதுவரை எழுதப்பட்டதில் மிக விரிவானது எது என்றும் சொல்லும்: முழு இலக்கணமா, சுருக்கமான குறிப்பா, வெறும் சொற்பட்டியலா. ஆப்பிரிக்க வரைபடத்தை அந்தக் கண்ணோடு பார்த்தால், பல மொழிகளுக்குச் சில பக்கச் சொற்பட்டியல் மட்டுமே மொத்த ஆதாரம் என்பது தெரியும்.

சரி, இப்போதுதான் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இணையத்தில் கிடக்கும் எழுத்தையெல்லாம் அள்ளிக் கற்றுக்கொள்ளாதா? அள்ளத்தான் செய்கிறார்கள். அள்ளியதில் என்ன இருக்கிறது என்று ஒரு பெரிய கூட்டு ஆய்வு பார்த்தது. அந்தந்த மொழி தெரிந்தவர்களே உட்கார்ந்து வாக்கியங்களைச் சரிபார்த்து, 2022-இல் முடிவை வெளியிட்டார்கள். இணையத்தில் தானாகத் திரட்டப்பட்ட, 205 மொழித் தொகுப்புகளை எடுத்துப் பார்த்ததில், குறைந்தது 15 தொகுப்புகளில் பயன்படும் எழுத்து ஒரு வரிகூட இல்லை. வேறு மொழி, குப்பை எழுத்து, தவறான மொழிக் குறியீடு. பெட்டியின் மேல் ஒட்டிய பெயரைப் பார்த்து இந்த மொழிக்கும் தரவு இருக்கிறது என்று கணக்குக் காட்டியிருக்கிறார்கள். திறந்து பார்க்க அந்த மொழிக்காரர் ஒருவர்கூட அறையில் இல்லை.

அந்த ஆய்வில் பங்கெடுத்தவர்களில் பலர் மசகானே இயக்கத்தைச் சேர்ந்தவர்கள். 2019-இல் தொடங்கியது, ஜூலு மொழியில் 'சேர்ந்து கட்டுவோம்' என்று பொருள். மொழியியலாளர், மென்பொருள்காரர், மாணவர் எல்லோரும் கலந்த கூட்டம். 2021-இல் அவர்கள் யோருபா, ஹவுஸா, அம்ஹாரிக், வோலோஃப், லுவோ உட்பட 10 மொழிகளில், செய்தி வாக்கியங்களில் வரும் ஆள் பெயர், ஊர்ப் பெயர், அமைப்புப் பெயர், தேதி ஆகியவற்றைக் கையால் குறித்துத் தரவாக வெளியிட்டார்கள். சுற்றிச் சுற்றிப் பெயருக்கே வந்து நிற்கிறோம் பாருங்கள்.

அவர்களுக்கும் ஒரு முட்டுக்கட்டை உண்டு. ஆப்பிரிக்க மொழிகளில் இணையத்தில் மொழிபெயர்ப்போடு அதிகம் கிடைப்பது மத நூல்கள். யெகோவாவின் சாட்சிகள் அமைப்பின் வெளியீடுகளிலிருந்து 300-க்கு மேற்பட்ட மொழிகளில் திரட்டிய ஒரு தொகுப்பு 2019-இல் வந்தபோது, மொழிபெயர்ப்பு இயந்திரம் செய்கிறவர்களுக்கு அது புதையலாகப் பட்டது. பின்னர் பதிப்புரிமைச் சிக்கலில் அது பொதுவெளியிலிருந்து எடுக்கப்பட்டது. அந்த மொழிகளைப் பேசுகிறவர்களே தங்கள் மொழியின் மிகப்பெரிய உரைத் தொகுப்பைத் தொட முடியாமல் போனார்கள். மறுபக்கம் ருவாண்டா. பொதுமக்களின் குரல் பதிவுகளைத் திரட்டும் மோசில்லாவின் காமன் வாய்ஸ் திட்டத்துக்காகக் கின்யாருவாண்டா பேசுகிறவர்கள் தாங்களே வாக்கியங்களைப் படித்து, 2,000 மணி நேரத்துக்கு மேல் குரலைப் பொதுவுக்குக் கொடுத்தார்கள். அந்தத் திட்டத்தின் மிகப்பெரிய மொழித் தொகுப்புகளில் அதுவும் ஒன்று. யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டாத தரவு.

கடைசியாக அந்த 1843-ஆம் வருட நூலுக்குத் திரும்பலாம். அதன் முகப்பில் ஆசிரியர் பெயர் சாமுவேல் க்ரௌதர் என்று மட்டுமே இருக்கிறது. பிடிபடுவதற்கு முன் ஓஷோகுனில் தாய் அவரைக் கூப்பிட்ட பெயர் அஜாயி. குப்புற விழுந்து பிறக்கும் பிள்ளை வானத்திலிருந்தே கொண்டுவருகிற பெயர் அது, இகே, தையோ வரிசையில் வருவது. யோருபாவுக்குச் சொற்களஞ்சியம் எழுதியவரின் யோருபாப் பெயர் அவர் புத்தக முகப்பில் இடம்பெறவில்லை. முறையாக எழுதினால் முதல் இரண்டு அசைக்கும் தாழ்வுக் கோடு, கடைசி அசைக்கு உச்சம்.